கடந்த ஏழு நாட்களில்

நவம்பர் 6

எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க இரவில் காரின் ஹீட்டரை மின்சாரத்தில் செருகி வைக்கவேண்டும்; நேற்று மறந்துவிட்டேன். காலையில் எஞ்சின் குளிரில் விறைத்துக் கிடந்தது. ஸ்டியரிங்கில் தலை வைத்து அரைமணி நேரம் அழுதேன். காருக்காகவா அழுதேன்? டேரன் சுரங்க வேலைக்குப் போய் ஒன்பது நாள்.

நவம்பர் 13

கர்ப்பத்தின் பதினாறாவது வாரம். கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். "கடந்த ஏழு நாட்களில்" என்று தொடங்கிப் பத்துக் கேள்விகள். சிரிக்க முடிந்ததா, தூக்கம் வந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா. கொடுத்த நர்ஸ் டான்யா, டேரனின் அக்கா, என் நாத்தனார். இந்த ஊரில் வேறு நர்ஸ் ஏது? "சும்மா டிக் பண்ணுடி, ரெண்டு நிமிஷ வேலை" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பத்துக்கும் நல்ல பதிலாகப் போட்டேன். மதிப்பெண் பூஜ்யம், ஒரு கவலையும் இல்லை என்று அர்த்தமாம். "எங்க வீட்டுக்கு வந்த பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்!" பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி தலையாட்டினேன்.

ஜனவரி 18

பிறக்கப்போகும் குழந்தைக்காகச் சர்ச்சில் பெண்கள் விருந்து வைத்தார்கள். என் வயிற்றின் சுற்றளவை ஊகித்துக் கம்பளி நூல் வெட்டும் விளையாட்டு. மாமியார் வெட்டிய நூல் இரண்டு சுற்று வந்தது. "என்னம்மா, உள்ள ரெட்டைன்னு முடிவே பண்ணிட்டியா?" என்றாள் டான்யா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்தேன். உள்ளே உதைத்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றாத நான் என்ன தாய்?

ஜனவரி 25

டேரனிடம் போனில் சொல்லப் பார்த்தேன்.

"எனக்கு என்னமோ சரியில்ல."

"வயித்துல வலியா?"

"இல்ல—"

"அப்பறம் என்ன? குளிர் போனா எல்லாம் சரியாயிடும்."

ஜனவரி 29

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 4

நாளை மறுபடி அந்தத் தாள். இந்த முறை உண்மையைப் போடுவேன். வாயால் சொல்ல வரவில்லை, டிக் போடவாவது வரும். போட்டுவிட்டால் யாராவது ஏதாவது செய்துதானே ஆகவேண்டும்?

பிப்ரவரி 5

போட்டேன். கடைசிக் கேள்விக்கும் — உங்களையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா — 'சில சமயம்'. டான்யா படித்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"ஜானெல், வரிசை மாத்திப் போட்டுட்டேடி. இது மேல போச்சுன்னா நாளைக்கே குழந்தைகள் நல ஆபீஸ் ஆளுங்க வீட்டு வாசல்ல நிப்பாங்க. அம்மா தாங்குவாளா? பொறக்கறதுக்கு முன்னாடியே புள்ளைய..." முடிக்கவில்லை. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. புதுத் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தாள். "நிதானமாப் போடு."

நிதானமாகப் போட்டேன்.

பழைய தாளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு என் கோட்டை எடுக்கப் போனாள். அதற்குள் அதை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 7

டேரன் வந்துவிட்டான். "மறுபடியும் பூஜ்யமாமே? அக்கா சொன்னா. கெட்டிக்காரிடி நீ" என்று நெற்றியில் முத்தமிட்டான். ஆமாம் என்றேன்.

குப்பைக்கூடையிலிருந்து எடுத்த அந்தத் தாளை இந்தப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். நோட்டை மேசைமேலேயே, அவன் கண்ணில் படும்படி வைக்கிறேன். அவன் திறந்து பார்க்கிறவன் இல்லை.