ஜெனரேட்டர் யார் வீட்டில்

மே 14
அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் இன்றும் ஒழுங்காக ஓடியது. கரண்ட் இருக்கும் வரை மெஷின். மெஷின் ஓடும் வரை அவர் மூச்சு. நானும் விடுப்பு போட்டுவிட்டு அந்தக் குழாயிலேயே கட்டுண்டு கிடக்கிறேன்.

கல்லூரியில் என்னைத் தாண்டி ஜூனியரைத் துறைத்தலைவராக்கினார்கள். தெருவிலும் அதே கதை. ஏணி, மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் பொதுவில் வைத்துக்கொள்வது, வேண்டியவர் போனில் பதிவு செய்து எடுப்பது – இந்த ஏற்பாட்டின் விதிகள் அத்தனையும் நான் எழுதியவை. எங்கள் தெரு முஹ்சின் அதை ஆப் ஆக்கினான். கன்வீனர் யார்? தங்கதுரை. எல்லாரிடமும் சிரித்துப் பேசுவாராம். சிரிப்புக்கு ஒரு பதவி! அன்றே குழுவை விட்டு வெளியேறினேன்.

மே 17
ஏன் போனீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

மே 23
மாங்கிளை விழுந்து லைன் அறுந்தது. இன்வர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜெனரேட்டர் நாலு வீடு தள்ளி, தங்கதுரை போர்ட்டிகோவில் சும்மா நிற்கிறது.

"ஏனுங்க, ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?" என்றாள் மனைவி மயிலாத்தாள்.

உறுப்பினரல்லாத வீட்டுக்கு எதுவும் கிடையாது. மாடி வாடகைக்காரர்கள் சும்மா அனுபவிக்கக் கூடாதென்று நான் சேர்த்த விதி. நான் எப்படிப் போய்க் கேட்க? தங்கதுரை எல்லார் முன்னாலும் சிரிப்பான். கரண்ட் வந்துவிட்டது. தப்பித்தேன். தப்பித்தேனா?

மே 29
மறுபடி காற்று, மழை. மத்தியானமே கரண்ட் போச்சு. இன்வர்ட்டர் கத்த ஆரம்பிச்சிருச்சு. நிரப்பக் கொடுத்த ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்து சேரலை. அப்பா உதடு கருத்துப் போச்சு. நான் என்ன செஞ்சேன்? போனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான் –

வாசலில் சக்கரச் சத்தம். தங்கதுரையும் முஹ்சினும் நனைந்துகொண்டே ஜெனரேட்டரைத் தள்ளி வந்தார்கள். மயிலாத்தாள் கூப்பிட்டிருக்கிறாள். ஒயரை மாட்டி, மெஷின் ஓடி, அப்பா நிறம் திரும்பியது. அப்புறம்தான் தங்கதுரை சொன்னான்:

"உங்க ஊடு மெம்பரில்லைன்னு ஆப்பு ஒத்துக்கலீங்க சார். நீங்க எழுதுன ரூலாமா. அதை அழிக்கச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்தான்.

ஜூன் 3
முஹ்சின் என்னைக் கேட்காமலே குழுவில் சேர்த்துவிட்டான். தேவை அதிகமுள்ள வீட்டிலேயே ஜெனரேட்டர் இருக்கட்டும் என்று முடிவாம். இப்போது எங்கள் போர்ட்டிகோவில் நிற்கிறது, சாவி என்னிடம். குமுளியில் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு நாள் நான் மட்டுமாவது போய் வரலாமென்று இருந்தேன். அதுவும் போயிற்று. தங்கதுரையின் வேலைதான். மயிலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

ஜூன் 8
சாயங்காலம் மழை. எங்களுக்குக் கரண்ட் இருந்தது, எதிர்ப்பக்கம் இல்லை. எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் நபீஸா போன் செய்தாள். குழந்தைக்கு மூச்சிரைப்பு, மருந்துப் புகை பிடிக்கும் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். சார் வீட்டில் இருக்கிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

வேறெங்கே போகப்போகிறேன் என்றேன். ஜெனரேட்டர் சாவியையும் குடையையும் எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனேன்.