உன் பக்கத்துக் கைப்பிடி

இன்று காலை கடைக்கு வந்த பழைய இரும்பு லோடில் ஒரு கை வின்ச் கிடந்தது, மாப்பிள்ளை. போர்வெல்லிலிருந்து மோட்டார் தூக்குகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த ரகம். கடையாள் அதை வெயிலில் உருட்டிப் போட்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே காய்ந்து கிடந்த கிரீஸ் இளகி வாசம் அடித்தது. இந்தப் போத்தனூரில் இத்தனை வருஷமாகப் பழைய இரும்பு வாங்கி விற்கிறவன் நான். கிரீஸ் வாசம் எனக்குச் சோற்று வாசம் மாதிரி. ஆனாலும் இன்று அது மூக்கில் ஏறியதும் இருப்புக் கொள்ளாமல் எழுந்து ரோட்டுக்கு வந்து நின்றுகொண்டேன்.

"ஏனுங்ணா, தலை சுத்துதுங்களா?" என்றான் கடையாள்.

"ஒண்ணுமில்ல, நீ எடையப் போடு."

ஒன்றுமில்லாமல் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான். நீ இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

உன் ஜீப்பின் தகரக் கூரையை, அந்த ஹார்ட் டாப்பை, கழற்றி மாட்ட ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நீ என் கடைக்கு வந்ததை நினைத்துப் பார்க்கிறேன். கேட்டதும் சிரித்தேன். நல்லா இருக்கிற டாப்பை எதற்குக் கழற்றுவது?

"தலைக்கு மேல தகரம் இருந்தா யானை மட்டை முறிக்கற சத்தம் கேக்கறதில்ல மச்சா. மூஞ்சிக்கு நேரா வந்து நின்னதுக்கப்பறந்தான் தெரியுது" என்றாய். தொண்டாமுத்தூர் தோப்புக்குப் போகிற வழியில் உனக்கு அந்த வாரம்தான் அப்படி ஒன்று நடந்திருந்தது.

"அப்பத் தோப்ப வித்துப்போட்டு ஊட்ல உக்காரு."

"யானைக்குப் பயந்து தோப்ப விக்கறதுக்கு நான் என்ன உன்னாட்டம் யாவாரியா? மழைக்கு மாட்டோணும், வெயிலுக்குக் கழட்டோணும். ஆள் கூப்படாம நம்ம ரெண்டு பேரே செய்யோணும். அதுக்கு ஒரு வழி சொல்லு."

கம்பெனியில் செய்த லிஃப்ட் வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. என் கடைக் குப்பையில் கிடப்பதை வைத்தே முடித்துவிட வேண்டும் என்பதில் நம் இருவருக்கும் ஒரே கொழுப்பு. உடைத்துப் போட்ட தறிக் கொட்டகையின் இரும்புத் தூண்கள் இருந்தன. இரண்டு வின்ச் இருந்தது. உன் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகையில், ஜீப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கால்பந்து கோல் போஸ்ட் மாதிரி இரண்டு சட்டம் நட்டோம். இரண்டுக்கும் குறுக்கே ஆங்கிள் இரும்பு கொடுத்து ஒற்றை போல்ட்டில் சேர்த்தோம். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு வின்ச். அதிலிருந்து இரும்புக் கயிறு மேலே கப்பியில் ஏறி, இறங்கி, டாப்பின் அந்தந்தப் பக்கத்தைப் பிடிக்கும். இடது பக்கக் கைப்பிடி எனக்கு, வலது உனக்கு. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் சுற்றினால் டாப் மட்டமாக மேலே போகும். ஒருத்தன் முந்தினால் சாயும்.

முதல் தடவை சாய்ந்தது. நான்தான் முந்தினேன்.

"வேகமாச் சுத்தறதுக்கு இதென்ன ஏலமா மச்சா?" என்று கத்தினாய். "மட்டம் தப்பினா அப்பறம் பாரம் நம்ம பேச்சக் கேக்காது."

அன்றிலிருந்து டாப்பின் முன் விளிம்பில் ஒரு ரசமட்டத்தை வைத்தாய். குமிழி நடுவில் நிற்க வேண்டும். அது அரை விரல் நகர்ந்தாலும் உனக்குப் பொறுக்காது. டாப் உச்சிக்கு ஏறியதும் இரண்டு கயிற்றிலும், வின்ச்சைத் தொடுகிற இடத்தில், சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டாய். அடுத்த முறை அந்தக் கோடு வரைக்கும் சுற்றினால் போதும் என்று கணக்கு.

சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஏற்றும்போது பல்சக்கரத்தின் மேல் இரும்பு நாக்கு தாவித் தாவி விழும். டக்டக்டக்கென்று தறி ஓடுகிற மாதிரி இருக்கும். இறக்கும்போது அப்படியில்லை. ஒரு கையால் பாரத்தைத் தாங்கி, மறு கையால் நாக்கைத் தூக்கி, ஒரு பல் விட்டு, மறுபடி விழவிட வேண்டும். ஒரே ஒரு டக். அப்புறம் சும்மா இருக்கும். "அக்கட்ட ஒரு பல்லு" என்பாய். நான் விடுவேன். டக். "இக்கட்ட ஒரு பல்லு" என்று நீ விடுவாய். டக்.

டாப்பை மேலே ஏற்றித் தொங்கவிட்டிருந்த வெயில் காலத்தில்தான் நீ போனாய். தோப்பில் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து, மழையும் தொடங்கிவிட்டது. டாப்பை இறக்கி மாட்ட வேண்டும் என்று எனக்கும் தெரியும், உன் மகனுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. உன் கைப்பிடியை இன்னொருத்தன் பிடிக்கப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்க எனக்கு மனசில்லை. மகன் பெங்களூருக்குப் போய்விட்டான். உன்னைக் கட்டின தங்கச்சி அந்த வீட்டில் தனியாக இருந்தாள்.

மழை விட்டபிறகு ஒரு நாள் போன் பண்ணினாள்.

"அண்ணா, ஜீப்போட டாப்பு எறங்கிட்டே வருதுங்க."

"கயிறு ஏதும் வழுக்குதா அம்மணி? ஒரு பக்கம் சாஞ்சிருக்குதா?"

"சாயலீங்க. நேராத்தான் இருக்குது. நேராவே எறங்குதுங்க. முன்னாடி வெளக்குமாறு வெச்சாத்தான் ஒட்டட எட்டும். இப்பக் கைய நீட்டினாலே எட்டுது."

"கண்ணுக்கு அப்படித் தெரியும்."

"காதுக்கும் கேக்குதுங்கண்ணா. மத்தியானம் தூங்கலாம்னு படுத்தா, டக்குனு ஒண்ணு. அப்பறம் சத்தமே இல்லீங்க. மறந்து போயிக் கண்ணு சொருகறப்ப இன்னொண்ணு."

ஏற்றுகிற சத்தத்துக்கும் இறக்குகிற சத்தத்துக்கும் வித்தியாசம் நமக்குத்தான் தெரியும். நாம் சுற்றும்போது அவள் கொட்டகைப் பக்கமே வந்ததில்லை. காபியை ஜன்னல் வழியாக நீட்டுவதோடு சரி.

அப்புறம் அவள் சொன்னதுதான் விஷயம். மகன் ஊரைவிட்டு வந்துவிடு என்று கூப்பிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறான். அவளுக்குப் போக விருப்பமில்லை. "ஆனா நெசமாவே அவருதான் எறக்கறாருன்னா, இந்த ஊட்ல நான் இருக்கறது அவருக்குப் புடிக்கலைன்னுதான அர்த்தம்? அப்ப நான் போயர்றனுங்க. இல்ல, மெசினு கோளாறு, மண்ணு கோளாறுன்னா இங்கயே இருந்துக்கறேன். நீங்க வந்து பாத்துப்போட்டு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா அதுதான்."

ஞாயிறு காலையே கிளம்பிவிட்டேன். ஆனாலும் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கொட்டகைக்குள் தகரத்தின் அனல் இறங்கிக்கொண்டிருந்தது. ஜீப் புழுதி படிந்து நின்றது. அதற்கு மேலே டாப், அவள் சொன்ன மாதிரியே தாழ்ந்து, ஜீப்புக்கு எடுத்து வைத்த மூடி மாதிரி நேராகத் தொங்கியது.

முதலில் கண்ணில் பட்டது குறுக்கு ஆங்கிள். அது இடது பக்கம் சாய்ந்திருந்தது. நன்றாகவே சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது எனக்கு. சட்டம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இடது சட்டத்தின் கால்களை மட்டும் சிமெண்ட் தளத்துக்கு வெளியே மண்ணில் நட்டிருந்தோம். அங்கே முளைத்திருந்த புல்லை விலக்கிப் பார்த்தேன். தரை தட்டு மாதிரி குழிந்து, தூண்கள் ஒரு சாண் ஆழம் உள்ளே போயிருந்தன.

கிணறு. நீ மூடின கிணறு. தங்கச்சி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது, தோப்பில் சும்மா கிடக்கிற தேங்காய் மட்டையை லோடு லோடாகக் கொண்டுவந்து கொட்டி, மேலே மண்ணைப் பரப்பிக் கிணற்றை மூடினாய். மண் அடிக்க வேண்டாம், மட்டையே போதும் என்று உன் கெட்டிக்காரத்தனம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் மூடினார்கள். மட்டை மக்கும் என்று யாருக்குத் தோன்றியது? மக்கிவிட்டது. மழைத் தண்ணீர் இறங்கியதும் மேல் மண் உட்கார்ந்துவிட்டது.

கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். தங்கச்சியைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது.

இடது பக்கம் ஒரு சாண் இறங்கினால் டாப் இடது பக்கம் ஒரு சாண் சாய வேண்டும். ஆங்கிள் சாய்ந்திருக்கிறது. டாப் சாயவில்லை. ரசமட்டம் நீ வைத்த இடத்திலேயே இருந்தது, புழுதியைத் துடைத்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது.

என் பக்கத்து வின்ச்சைப் பார்த்தேன். சிவப்புக் கோடு வைத்த இடத்தில் இருந்தது. கயிறு நகரவில்லை. உன் பக்கம் போய்ப் பார்த்தேன். கோடு வின்ச்சைவிட்டு ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. நாக்கு பல்லில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. வழுக்கியிருந்தால் நாக்கு நிற்காது; மொத்தமும் ஒரே மூச்சில் கீழே வந்து ஜீப்பை நசுக்கியிருக்கும். இது வழுக்கினதில்லை. மண் எவ்வளவு இறங்கியதோ, அவ்வளவு கயிற்றைப் பல் பல்லாக விட்டுக் கொடுத்திருக்கிறது. கைப்பிடியில் புழுதி கலையாமல் இருந்தது. கைப்பிடிக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை. வலையை நான் சாட்சிக்கு எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு ராத்திரியில் கட்டிவிடும். புழுதி அப்படியில்லை.

"அம்மணி, தம்பி போன தடவ வந்தப்ப இதத் தொட்டானா?"

"அவனுக்கு இது எதுக்குன்னே தெரியாதுங்க." சமையலறை வாசலிலிருந்துதான் பதில் வந்தது. கொட்டகைக்குள் அவள் கால் வைக்கவில்லை.

"வேற யாராச்சும்? தேங்கா போடறவன், பால்காரன்?"

"கேட்டுப் பூட்டு எடுத்தாத்தான யாரும் வர முடியும்? ஏனுங்கண்ணா, என்னாச்சு?"

"இரு, பாக்கறேன்."

என் பக்கத்துத் தூணை ஒரு தடவை ஆட்டிப் பார்க்கலாம் என்று போனேன். கையை வைத்து அழுத்தினேன். உள்ளே ஏதோ பொத்தலானது போல் தூண் ஒரு நடுக்கம் நடுங்கி இன்னும் கொஞ்சம் இறங்கியது. என் கண் ரசமட்டத்தில் இருந்தது. குமிழி விலகிப் போவதைப் பார்த்தேன். பாரம் என் பக்கம் வரப்போகிறது, தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்தும் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் பக்கத்திலிருந்து ஒரு டக்.

குமிழி நடுவுக்கு வந்து நின்றது.

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜீப்பும் டாப்பும் மறைத்தன என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் பார்க்கிற அளவுக்கு இடம் இருந்தது. குனிந்தால் தெரிந்திருக்கும். குனியவில்லை. கழுத்தில் வேர்வை வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. அந்தப் பக்கத்தில் எது நின்றாலும், என்னை நசுக்க வந்தது இல்லை என்று மட்டும் தெரிந்தது.

அடுத்த நிமிஷமே வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. உன் மகன் உள்ளே வந்தான்.

"மாமா, நீங்களே அம்மாகிட்டச் சொல்லுங்க. இந்த ஊட்ல இவங்க எதுக்குத் தனியாக் கெடக்கோணும்? பயந்து பயந்து தூங்கறதில்லியாமா."

தங்கச்சி சமையலறை வாசலில் இருந்தபடியே மோர் டம்ளரைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவள் பெட்டி கூடத்தில் கட்டித் தயாராக இருந்தது. என் ஒரு வார்த்தைக்காக இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். வியாபாரத்தில் பொருளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை; கேட்டதற்கு மட்டும் பதில். அன்றும் அதைத்தான் செய்தேன்.

"மண்ணு அம்மணி. இங்க முந்தி ஒரு கெணறு இருந்துதல்ல? மட்டையப் போட்டு மூடினது. அது மக்கித் தூணு எறங்குது. அதான் டாப்பும் எறங்குது."

மகன் குழியைப் பார்த்தான். தூணைப் பார்த்தான். படித்தவன், அவனுக்கு அது போதுமாக இருந்தது. "அட, இவ்வளவுதானா," என்றான். "அப்பச் சரி பண்ணிறலாமா மாமா?"

"தோண்டி கிராவல் போட்டு அடிச்சாச் சரியாயிரும். நான் ஆள் அனுப்பறேன். உங்கம்மா இங்கயே இருக்கட்டும்."

அன்றே டாப்பை இறக்கினோம். நான் என் பக்கம், அவன் உன் பக்கம். எப்படி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் பல்லுக்கே, "மாமா, இது கனமே இல்லியே" என்றான். "புது கிரீஸ்" என்றேன். கிரீஸ் வைத்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று உனக்குத் தெரியும். டாப் ஜீப்பின் மேல் அலுங்காமல் உட்கார்ந்தது. அடுத்த வாரம் கிணற்றைத் தோண்டினபோது மட்டையெல்லாம் கறுப்புச் சேறாக வந்தது. கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு அடித்தோம். சட்டத்தைப் பிரித்து என் கடைக்கே எடுத்து வந்துவிட்டேன். வலது பக்க வின்ச் உள் அறையில் இருக்கிறது. விலை கேட்டு வருகிறவனிடம் அது விற்பனைக்கு இல்லை என்கிறேன்.

தங்கச்சி அந்த வீட்டில்தான் இருக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாளாம். பெங்களூர் பேச்சு நின்றுவிட்டது. நான் நினைத்தது நடந்தது. அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அன்று நான் "மண்ணு" என்றதும் அவள் முகம் எப்படி ஆனது என்பதை நீ பார்த்திருக்க வேண்டும். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் மோர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மெதுவாக, "அப்ப அவரு இல்லீங்களா" என்றாள். கேள்வி மாதிரியும் இல்லை. கூடத்துக்குப் போய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

போகும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வருகிறது. சொன்னால் அவள் வார்த்தைப்படி கிளம்பிவிடுவாளோ என்று பயம். அவர் உன்னைத் துரத்தவில்லை அம்மணி, இந்தப் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து யார் தலையிலும் விழக் கூடாது என்று கூடவே நின்றிருக்கிறார், அவ்வளவுதான் என்று எப்படி விளக்குவது? எனக்கு அந்த மாதிரிப் பேசத் தெரியாது. காபி குடிக்கிறேன், தோப்பு நிலவரம் கேட்கிறேன், கிளம்புகிறேன். கேட்டு வரைக்கும் வந்து வழியனுப்புகிறாள். மூடின கிணற்றின் மேல் இப்போது செவ்வந்தி வைத்திருக்கிறாள், அதைப் பார்த்தபடியே, "மண்ணுதானுங்கண்ணா?" என்று கேட்கிறாள்.

"மண்ணுதான் அம்மணி" என்கிறேன்.