சூட்டுப் போர்வை வேண்டாம்

திருவண்ணாமலை
தை 25, ஞாயிறு

அன்பு மகன் வளவனுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. நீயும் மருமகள் எழிலும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றி முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை, அதனால் அதைக் கீழே எழுதியிருக்கிறேன், நடுவில் நிறுத்தாமல் முழுவதும் படி. போனில் சொல்லலாமே என்பாய். போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், என் வாட்ஸ்அப்பையும் எனக்கு முன்னால் அவர்தான் பார்க்கிறார். அதனால் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து, மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஹெல்கா அம்மாவின் போனிலிருந்து எழிலுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அப்பா உன்னிடம் காலில் சுளுக்கு என்று சொன்னாரே, அது சுளுக்கு இல்லை. நீ வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, உள்ளே படுத்து ஜிப் போட்டுக்கொள்ளும் இன்ஃப்ராரெட் சூட்டுப் போர்வை, அதை வாங்காதே, ஆர்டர் போட்டிருந்தால் கேன்சல் செய்துவிடு.

நீ மூன்று படம் அனுப்பி எது வேண்டும் என்று கேட்ட அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். இடுப்பு வலியும் முட்டி வலியும் போய் மறுபடி மாதாமாதம் மலையைச் சுற்ற வேண்டும், அவருக்கு அதுதான் ஆசை. எனக்கு இரண்டாவது படத்தில் இருந்தது பிடித்தது, கையை வெளியே விட வழி இருக்கிறது, அரை மணியில் தானே அணைந்துவிடும் என்று எழுதியிருந்தாய், துடைத்து வைப்பதும் சுலபம். அவருக்கு மூன்றாவதுதான் வேண்டுமாம், அதில்தான் எண்பது டிகிரி வரை போகிறதாம். வாங்கறதே வாங்கறோம், சூடு ஜாஸ்தியா இருக்கறதையே வாங்கலாம், கம்மிச் சூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் போதாதா என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், உனக்குத் தெரியாததா. இதற்கு நடுவில் வயரிங் வேலை பார்க்கும் பிரகாஷ் வந்து, கனடா கரண்டுக்குச் செஞ்சதை நம்ம ஊரு பிளக்ல சொருவினா எரிஞ்சிடும்மா, இங்கயே வாங்கச் சொல்லுங்க என்று ஒரு குண்டைப் போட்டான். இதையெல்லாம் கேட்டுவிட்டு ஹெல்கா அம்மா, தன்னிடம் அந்த மாதிரி ஒன்று இருக்கிறது, வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை படுத்துப் பார்க்கட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். ஜெர்மனிக்காரர் என்றாலும் எட்டு வருடமாக இங்கே இருப்பதால் தமிழ் ஓரளவு பேசுவார்.

ஹெல்கா அம்மா மேல் குறை சொல்ல மாட்டேன். போர்வையோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு சுகர் இருக்கே, கால்ல சூடு நல்லா தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஜிப்பில் கை வைத்தார். அங்கேதான் கண்ணு நாங்கள் இரண்டு பேரும் கெட்டோம். போன சித்திரா பௌர்ணமி உனக்கு நினைவிருக்கும். மத்தியானம் தார் ரோடு கொதித்தது, ஜனங்கள் ஈரச் சாக்கு போட்ட இடம் தேடி ஓடினார்கள், உன் அப்பா மட்டும் வெறுங்காலோடு நடுரோட்டில் நிதானமாக நடந்து பதினாலு கிலோமீட்டரையும் முடித்துவிட்டு வந்தார். சூடே தெரியல கன்னியம்மா, எல்லாம் அண்ணாமலையார் அருள் என்றார். நானும் பூரித்துப்போய்த் தெரு முழுக்கச் சொன்னேன், உனக்கும் சொன்னேன், எதிர் வீட்டு ராணியம்மாள் வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாள் பாதத்தில் தோல் உரிந்திருந்தது, மஞ்சளைப் பூசிவிட்டு மறந்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் ஹெல்கா அம்மாவிடமும் சொன்னார், நான் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று சாட்சி சொன்னேன். அவரும் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு ரிமோட்டைத் தட்டினார்.

கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி தலை மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தார், பார்த்து நான் சிரித்தேன். முதுகுக்கு இதமா இருக்கு, கால் பக்கம் ஒண்ணும் வரல, கொஞ்சம் ஏத்துங்க என்றார். ஏற்றினோம். இன்னும் வரல என்றார். மறுபடி ஏற்றினோம். அரை மணி கழித்து ஜிப்பைத் திறந்தால் வலது கால் சுண்டுவிரலும் குதிகாலும் வெந்து வெளுத்துக் கொப்புளமாக இருந்தன. யாருடைய காலையோ பார்ப்பது போல அவர் பார்த்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தொடறப்பல்லாம் சொல்லுங்க என்று ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். உன் அப்பா கண்ணை மூடியபடியே, எப்ப டாக்டர் தொடுவீங்க என்று கேட்டார். அதற்குள் டாக்டர் பத்து முறை தொட்டிருந்தார், நான் எண்ணிக்கொண்டு நின்றேன். சுகரால கால்ல உணர்ச்சி போயி ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும்மா, நீங்க கவனிக்கலியா என்று என்னைத்தான் கேட்டார். அருள் என்று நாங்கள் ஊரெல்லாம் சொன்னது நோய். புண் சீழ் பிடித்து, போன வியாழக்கிழமை சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். குதிகால் ஆறாவிட்டால் மேற்கொண்டு என்ன செய்வது என்று மாசி முதல் வாரம் சொல்வார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது வளவா.

விரல் எடுப்பதற்கு நாலு நாள் முன்னால்தான் பௌர்ணமி. செங்கம் ரோட்டில் மலை சுற்றும் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், கேட்டவர்களிடமெல்லாம் சுளுக்கு என்றார். கால் போவதைவிட போன சித்திரையில் நடந்தது அருள் இல்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டார், அப்ப அன்னிக்கு அவரு என்கூட வரவே இல்லியா கன்னியம்மா என்று. இப்போது அவர் குளிக்கும் தண்ணீரில் என் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்றுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இனி உன் விஷயம். மார்கழியில் நீ ஒரு வீடியோ அனுப்பினாய். பனியில் வெறும் ரப்பர் செருப்போடு போய்க் குப்பையைப் போட்டுவிட்டு வந்து, கால்ல குளிரே தெரியலம்மா, இந்த ஊரு பழகிடுச்சு என்று சிரித்தாய். அப்பா அதை நாலு வீட்டில் காட்டினார், நானும் பெருமையாகத்தான் பார்த்தேன். டாக்டர் அந்த இழையைக் கையில் எடுத்ததிலிருந்து எனக்கு உன் செருப்புக் கால்தான் கண்ணில் நிற்கிறது. சர்க்கரை எல்லையில் இருப்பதாகப் போன வருடமே எழில் சொன்னாள், நீ மழுப்பினாய். ஒரு காலுக்குச் சாட்சி சொன்ன பாவம் எனக்குப் போதும். இதைப் படித்ததும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள், எழிலை விரல் நுனியால் உன் கால் விரல்களை லேசாகத் தொடச் சொல், நீயும் எண்ணு, அவளும் எண்ணட்டும். இரண்டு எண்ணிக்கையையும் எனக்கு மறைக்காமல் எழுது. சரியாக வந்தாலும் டாக்டரிடம் போய்க் காலைக் காட்டு, பெருமை பேசிக்கொண்டு உட்காராதே.

நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், போன் செய்தால் சுளுக்கு எப்படி இருக்கிறது என்றே கேள். லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வந்து அவர் பக்கத்தில் நாலு நாள் இருங்கள். அண்ணாமலையார் உனக்கு வெயிலைச் சூடாகவும் பனியைக் குளிராகவும் தெரியும்படி வைக்கட்டும். வேறு அருள் எதையும் நான் இப்போது அவரிடம் கேட்பதில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
கன்னியம்மாள்