சும்மா நின்ற நடுக்கால்

1979 மார்ச் 4, மருதமுனை

அகில உலக மரத்தச்சு ஓடாவிமாரின் சக்கரவர்த்தியாகிய அச்சிமுகம்மது, யாரும் நம்பாத ஒரு கதையை இந்தக் கொப்பியில் எழுதுவேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன். போன நவம்பர் சூறாவளியில் எழுபது யானைகள் ஆகாயத்திலிருந்து இறங்கி, நான் அடித்த தறிக்கொட்டில் கூரையைத் தும்பிக்கையால் தூக்கின. ஒன்றின் வாலைப் பிடித்து நானே இழுத்தேன்.

தறிகளைக் காக்க உள்ளே போன மச்சான் மீராமுகைதீன் வெளியே வரவில்லை.

மார்ச் 11

மச்சானின் மகள் றாஹிலா தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறாள். புதுக் கொட்டிலை அவள் வரைவாள், நான் அடிப்பேன்.

"ஒவ்வொரு மரத்திலயும் எவ்வளவு பாரம் போகுதெண்டு கணக்குப் பாக்கணும் மாமா."

"நான் தொட்டா மரமே சொல்லும்கா."

"மரம் கதைக்காது. கொப்பிய எடுங்க."

மார்ச் 18

முகட்டிலிருந்து இரு பக்கமும் சாயும் கைமரம் இரண்டும் பாரத்தில் அமுக்கப்படும். அவற்றின் அடிகளைச் சேர்த்துப் பிடிக்கும் வளை, கயிறு போல இழுபடும். என் மூளையில் மூன்று ஆணி கழன்றது.

மார்ச் 25

இன்று நடுக்கால் – முகட்டிலிருந்து வளையின் நடுவுக்கு இறங்கும் கட்டை. மூன்று தரம் கணக்குப் போட்டேன். விடை சைபர். பாரமே இல்லை!

"பாத்தியாகா! சும்மா நிக்கிற கட்டை. நான் அப்பவே சொன்னன்!"

"எப்ப சொன்னீங்க?"

பேச்சை மாற்றினேன்.

மச்சானிடம் சொன்னேன், நாலு வருடத்துக்கு முன்னே. பழைய கொட்டிலில் தட்டினால் ஆடிய இரண்டு நடுக்கால்களைக் கழற்றி, "சும்மா நிக்கிறவனுக்கு எதுக்கு மச்சான் இடம்?" என்றேன். சிரித்தார். இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டு, இருக்க ஒரு வாங்கு அடித்து மச்சான் வீட்டு வாசலில் வைத்தேன். யானைக் கதையை அதில் இருந்துதான் சொல்கிறேன்.

சைபர். அப்போ என்னில் குற்றமில்லை. இல்லையா?

ஏப்ரல் 1

படத்தில் பாரத்தைக் காட்டும் அம்புக்குறிகளை றாஹிலா தலைகீழாக்கினாள். "காத்து கீழால பூந்து கூரையைத் தூக்கினா?"

போட்டேன். இழுபட்ட வளை இப்போது அமுக்கப்படுகிறது. இருபதடி வளை, நடுவில் பிடிக்க ஆளில்லாவிட்டால் வில்லாகி முறியும்.

"அந்த நேரந்தான் நடுக்காலுக்கு வேல, மாமா."

பழைய கொட்டிலில் அந்த இரண்டு வளைகளும் நடுவில்தான் முறிந்து கிடந்தன. இழுத்து வெளியே போட்டவன் நானல்லவா.

யா அல்லாஹ்.

ஏப்ரல் 2

இன்று வாங்கில் இருக்காமல் நிலத்தில் குந்தினேன்.

ஏப்ரல் 6

மச்சானின் மனைவி, என் ராத்தா சபூறா, கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா முடிந்து வந்த முதல் வெள்ளி. ஜும்ஆ தொழுதுவிட்டுப் போனேன்.

"ராத்தா, மச்சான் மௌத்தானது என்னாலதான். நடுக்கால நான்தான் கழட்டி இந்த வாங்க அடிச்சன்."

"உன்ட புளுக இதுலயுமா கொண்டு வாறாய்? அது அல்லாஹ்ட நாட்டம். தேத்தண்ணியக் குடிடா."

கேட்டுக்கொண்டு நின்ற றாஹிலா வாங்கைக் கவிழ்த்தாள். கட்டைகளின் நுனியில், வளையில் உட்கார நான் வெட்டிய வெட்டுகள் அப்படியே இருந்தன. விரல் வைத்துப் பார்த்தாள். உள்ளே போனாள்.

மே 13

முப்பத்தேழு நாள் றாஹிலா என்னோடு கதைக்கவில்லை. வரைபடம் மட்டும் ராத்தாவின் கையில் வந்தது. எல்லாக் கூரைச் சட்டத்திலும் நடுக்கால். பக்கத்தில் அவள் எழுத்து: "ஆடினாலும் கழட்டக் கூடாது."

வாங்கைப் பிரித்து அந்த இரண்டு கட்டைகளையும் புதுக் கொட்டிலில் ஏற்றினேன். இன்று கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இறுக்கமா இருக்கா மாமா?"

"ஓம் மகள்."

யானையும் புளுகு, வாலும் புளுகு. கட்டை இரண்டு மட்டும் உண்மை.