கத்தியை நிமிர்த்திவிட்டேன், அண்ணை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தவறாமல் போன் எடுக்கிற என் அண்ணைக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருடம். லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் மகன் காந்தன் உன் ஆட்டைத் திவசத்துக்குக் கல்வெட்டு அடிக்க ஒழுங்கு செய்திருக்கிறான். செத்தவரின் படம், தேவாரம், வம்சாவளி எல்லாம் போட்டுச் சொந்தக்காரருக்குக் கொடுக்கிற புத்தகம், உனக்குத் தெரியாததா? அதில் நானும் உனக்கு எழுதவேண்டுமாம். "நாலு வரி போதும் அக்கா" என்றான். எனக்கு நாலு வரியில் முடியாது. ஊர் முழுக்க வாசிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் "நீ" என்று எழுதுவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒன்றரை வயது மூத்தவனை "நீங்கள்" என்று கூப்பிட எனக்கு வாய் வரவேயில்லை. அம்மா உச்சந்தலையில் குட்டியும் வரவில்லை. இனிமேலா வரப்போகிறது?

முதலில் ஊர்ப் புதினம். சண்டிலிப்பாயில் இந்த முறை மழை காலம் தப்பிப் பெய்தது. புகையிலைக் கன்று நட்டவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். காங்கேசன்துறையில் இருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடுகிறது, காற்றடித்தால் நிற்கிறது. நீ வந்தால் அதில் ஏறிச் சிதம்பரம் போவோம் என்று சொல்லியிருந்தாய். நான் தனியே போகவில்லை. போகவும் மாட்டேன்.

வாசிக்கிறவர்களுக்கு உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களில் பாதிப்பேருக்கு நீ வேல்ஸ் நாட்டில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தாய் என்பது மட்டுந்தான் தெரியும். சனிக்கிழமைகளில் நீ எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. உன் அறையில் இருந்து ஒரு பஸ் தூரத்தில், இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அங்கே இருந்த கெல்ட் என்கிற சனம் எப்படி வாழ்ந்ததோ, அப்படியே ஒரு ஊரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வட்ட வட்டமான மண்சுவர் வீடுகள், வைக்கோல் கூரை. விரும்பிப் போகிறவர்கள் அந்தக் காலத்து உடுப்பை உடுத்திக்கொண்டு, அந்தக் காலத்துக் கருவியால், அந்தக் காலத்து வேலையைச் செய்வார்கள். மணிக்கூட்டையும் போனையும் வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

முதல் நாள் நீ வெறுமனே பார்க்கத்தான் போனாயாம். சுவருக்குக் குழைத்த மண்ணும் விறகுப் புகையும் சேர்ந்த மணத்தில் கால் நகர மறுத்துவிட்டது என்று எனக்கு ஒருமுறை சொன்னாய். நான் அடுப்பில் கறி இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

அங்கே நீ துருத்தி ஊதப் பழகி, பிறகு இரும்பு அடிக்கப் பழகி, கடைசியில் அந்த ஊரின் கொல்லனாகவே ஆகிவிட்டாய். பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, "அந்தக் காலத்து ஆக்கள் உங்களைப் போலக் கறுப்போ?" என்று கேட்டதாம். "இல்லையம்மா, இது கரிப்புகை" என்றாயாம். இதெல்லாம் நான் பிந்தி அறிந்தது. உன் வாயால் கேட்டிருக்கவேண்டியது.

இனிப் பிணைச்சல் கதை. இதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

"கதவைப் பூட்டிப்போட்டு வாறன், நீங்கள் பங்கருக்குள்ளை போங்கோ." அப்பா எங்களிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். ஷெல் முற்றத்தில் விழுந்தது. கதவு சிம்பு சிம்பாகப் போய்விட்டது. அப்பாவை நீயும் நானும் ஒரு சாக்கில்தான் சேர்த்தோம். கதவை நிலையோடு பிணைத்திருந்து, இப்போது வெறுமனே தொங்கிய இரண்டு இரும்புப் பிணைச்சலையும் அம்மா கழற்றி பிஸ்கட் பேணிக்குள் வைத்தாள். எத்தனை இடம்பெயர்வு வந்தது. நகை போனது, காணி உறுதி போனது. அந்தப் பேணி மட்டும் எங்களோடு வந்தது. அம்மாவுக்குப் பிறகு என்னிடம் இருந்தது.

அந்தப் பிணைச்சலை அனுப்பச் சொல்லி நீ கேட்டபோது, தனிய இருக்கிறவன், அப்பாவின் ஞாபகமாகப் பக்கத்தில் வைத்திருக்கட்டும் என்று, ஊருக்கு வந்திருந்த காந்தன் கையில் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினாய். கட்டம் போட்ட கம்பளிக் காற்சட்டை, தோளில் போர்வை, கையில் ஒரு முழ நீளக் கத்தி. அடுத்த ஞாயிறு போனில் உன் குரல் துள்ளியது.

"ரெண்டு பிணைச்சலையும் ஒண்டா அடிச்சு ஒட்டினன் பவானி. கரி நெருப்பிலை, துருத்தி ஊதி. ஒரு மெசினும் இல்லை. பொருத்தின இடம் தெரியுதோ பார்."

நான் பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதை இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"எங்கடை குடும்பத்திலை ஆரும் கொல்லன் வேலை செய்ததே? அதுவும் வெள்ளைக்காரனுக்கு வேசங்கட்டி. அப்பா செத்த கதவைக் காய்ச்சி விளையாடியிருக்கிறாய். இனி எனக்குப் போன் எடுக்காதை."

நீ "சரி" என்றாய்.

கோபம் கத்தியில் மட்டும் இல்லை, அண்ணை. கொல்லன் வேலை என்று இளக்காரமாகச் சொன்ன அந்த முதல் வசனத்திலும் இருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்கு அது ஒரு தடங்கலும் இல்லாமல் வாயில் வந்தது. ஒன்பது ஞாயிறு போன் அடிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானாம் என்று உன்மேல் எரிச்சலும் பட்டேன். நானே உனக்குப் போன் எடுத்திருக்கலாம், இல்லையா?

பத்தாவது கிழமை நீ போய்விட்டாய். இருதயம் என்றார்கள். அறையில் தனியே கிடந்திருக்கிறாய். வேலையிடத்தில் உனக்கு லீவு என்பதால் யாரும் தேடவில்லை. நாங்கள் தேடவில்லை. சனிக்கிழமை உலை மூட்ட நீ வரவில்லை என்று அந்த வேசங்கட்டிய சனந்தான் உன்னைத் தேடி வந்து கதவைத் தட்டியது. அதற்குள் இரண்டு நாள் கடந்திருந்தது.

காந்தன் உன் சாம்பலையும் ஒரு பெட்டியையும் கொண்டுவந்தான். சாம்பல் கரைத்து அந்தியேட்டி செய்யவேண்டிய முப்பத்தோராம் நாள் எப்போதோ போய்விட்டது. ஐயர் வேறு நாள் பார்த்துத் தந்தார். பெட்டிக்குள் அந்தக் கம்பளிப் போர்வை. அதற்குள் கத்தி, நடுவில் இரண்டாக மடிந்து, முனை பிடியைத் தொட்டபடி. நான் சொன்ன சொல்லுக்குக் கோபித்து நீயே அதை மடித்து எறிந்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

உன் அந்தியேட்டிக்கு முன் அதை நேராக்கிவிடவேண்டும் என்று ஒரு வெறி வந்தது. கொல்லன் தம்பிராசாவின் பட்டறைக்குப் போனேன். மண்வெட்டியைக் காய்ச்சித் தோய்க்க அப்பா போவாரே, அதே பட்டறை. எங்களைவிடப் பத்து வயது மூத்த மனிதன், ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் அதற்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது தானா வளைஞ்சதில்லை ரீச்சர். ஆரோ சூடு காட்டி, பதமா மடிச்சிருக்கினம். எதுக்கும் ஒருக்கா விசாரியுங்கோவன்."

"விசாரிக்க ஒண்டுமில்லை தம்பிராசா. நிமித்தித் தா."

நிமிர்த்தினார். பொருத்திய இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "செய்தவன் தொழில் தெரிஞ்ச ஆள். ஆர் செய்தது?" என்று கேட்டார்.

அண்ணை, நான் "வெளிநாட்டிலை வாங்கினது" என்றேன்.

கீரிமலைக் கடலில் காந்தன் உன் சாம்பலைக் கரைத்தான். நான் பின்னால் நின்றேன். அன்றைய சாப்பாட்டுக்கு வாழையிலை வெட்டியது உன் கத்தியால்தான். அதைக் கழுவி, எண்ணெய் பூசி, சாமியறையில் வைத்தேன். பிராயச்சித்தம் செய்துவிட்டேன் என்று ஒரு நிம்மதி. நாற்பது நாள் அந்த நிம்மதியில் இருந்தேன்.

பிறகு மேகன் போன் எடுத்தாள். அந்த ஊரை நடத்துகிற பெண். உன்னைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, கத்தியைத் தண்ணீரில் விட்டாயிற்றா என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. காந்தனிடம் எல்லாம் சொல்லிவிட்டேனே என்றாள். காந்தன் அதை வெள்ளைக்காரரின் விசர்க்கதை என்று எனக்குச் சொல்லாமலே விட்டிருக்கிறான். காந்தன், இந்த வரியையும் வெட்டாமல் அச்சுக்குக் கொடு.

மேகன் சொன்னது இதுதான். அவர்கள் நாட்டு ஏரிகளைத் தோண்டினால் மடிந்த வாள்களும் வளைந்த கருவிகளும் வருமாம். அந்தக் காலத்துச் சனம் தங்களுக்கு அருமையான ஆயுதத்தை மடித்து, இனி யாரும் பாவிக்க முடியாமல் செய்து, தண்ணீருக்குக் கொடுத்துவிடும். ஏன் என்று எழுதி வைக்க அவர்களுக்கு எழுத்து இல்லை. செத்தவரோடு அவர் கருவியும் போகவேண்டும் என்றுதான் இருக்கும் என்று இவர்கள் நினைக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை அதையும் செய்து காட்டுவார்களாம். உனக்காகச் செய்த அன்றைக்குப் படலையைச் சாத்திவிட்டு, வெளியாள் ஒருவரும் இல்லாமல் செய்தார்களாம். நீ வழக்கமாக ஊதும் துருத்தியை ஆளுக்கொரு தடவை ஊதி, உன் கத்தியைச் சூடாக்கி, எல்லோரும் கைவைத்து மடித்தார்களாம்.

"உங்கள் ஏரியில் ஏன் விடவில்லை?" என்று கேட்டேன்.

அந்த வருடத்துச் சடங்கு நடந்தபோது, உன் கத்தியை அங்கே விடவேண்டாம் என்று நீதான் சொல்லியிருந்தாயாம். "என் தங்கையிடம் அனுப்புங்கள். அப்பாவின் சாம்பல் போன தண்ணீர் அவளுக்குத் தெரியும்." எப்போது சொன்னாய் என்று கேட்டேன். கணக்குப் பார்த்தால், நான் போன் எடுக்காதே என்று சொன்னதற்கு மூன்றாம் கிழமை.

அந்தப் போனை வைத்துவிட்டு நான் அழுத அழுகையை இங்கே எழுதத் தெரியவில்லை. அப்பாவுக்குக் கூட அப்படி அழவில்லை. உன் ஆட்கள் உனக்குச் செய்த கடைசி மரியாதையை நான் நெருப்பில் வைத்து அழித்துவிட்டேன். கத்தியை அடித்துச் செய்தவன் யார் என்று தம்பிராசா கேட்டபோது உன்னை யாரோ ஒருவனாகவும் ஆக்கிவிட்டேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"சிவநேசன் தம்பியே செய்தது? அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்கமாட்டன் ரீச்சர்."

"வெக்கத்திலை சொல்லேல்லை."

"என்ன வெக்கம்?" என்று கேட்டார். உடனே அவருக்கே விளங்கியிருக்கவேண்டும். முகத்தைத் திருப்பி உலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உலைக் கரியைக் கிளறினார்.

"திரும்ப மடிக்கேலுமோ, தம்பிராசா அண்ணை?"

"ஒருக்கா மடிச்சு ஒருக்கா நிமித்தின இடம். திரும்ப மடிச்சால் அனேகமா முறியும். நான் மடிக்கமாட்டன். ஒருக்காப் பிழை செய்தது காணும். நீங்கள் மடிக்கிறதெண்டால் வாங்கோ, சூடு நான் காட்டித்தாறன்."

அண்ணை, இன்னும் ஒரு வில்லங்கம். கல்வெட்டில் உன் தொழில் என்ற இடத்தில் காந்தன் "எரிபொருள் நிலைய முகாமையாளர்" என்று போட்டிருந்தான். நீ எப்போது மனேஜர் ஆனாய்? அதை வெட்டிவிட்டு "இரும்புக் கொல்லர்" என்று போடச் சொன்னேன்.

"அக்கா, விசரே உங்களுக்கு? சனம் என்ன கதைக்கும்? என்ரை பிள்ளையளுக்குக் கலியாணம் பேசேக்கை உதைத்தான் எடுத்துக் காட்டுவினம்."

"நான் கதைச்சதைவிடக் கேவலமாச் சனம் கதைக்காது" என்றேன். இரண்டு கிழமையாக அவனிடம் இருந்து பதில் இல்லை. அவன் போடாவிட்டால் யாழ்ப்பாணத்தில் நானே இதை அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இது உனக்கு நான் தருகிற முதல் வாக்கு.

இரண்டாவது, கத்தி. உன் திவசத்தன்று காலையில் பட்டறைக்குப் போவேன். துருத்தியை நான் ஊதுவேன். தம்பிராசா அண்ணை சூடு காட்ட, என் கையாலேயே மடிப்பேன். முறிந்தால் முறிந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போவேன். சண்டையால் கீரிமலைப் பக்கம் போக முடியாத அந்த நாளில் அப்பாவின் சாம்பலை அங்கேதான் கரைத்தோம். இடுப்பளவு தண்ணீரில் நீ சாம்பல் முட்டியைக் கையில் ஏந்தி நின்றாய், நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே இடத்தில் இறங்குவேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. பரவாயில்லை.

அதுவரைக்கும் அது என்னிடம் இருக்கிறது. நேற்று வெயிலில் கொண்டுபோய் வைத்து, நீ பார்க்கச் சொன்ன அந்த இடத்தைத் தேடினேன். கண்ணாடி போட்டும் பார்த்தேன், விரலாலும் தடவினேன். பொருத்தின இடம் தெரியேல்லை, அண்ணை.

இப்படிக்கு,
சண்டிலிப்பாயில் இருந்து,
இரும்புக் கொல்லன் சிவநேசனின் தங்கை
பவானி