லோங்ஸ் போட்டு எடுத்த படம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், என் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வந்து நின்று, "ஆன்ட்டி, உங்க கொழுந்துக் கூடைய கொஞ்ச நேரம் தருவீங்களா?" என்று கேட்டாள். கூடையா? இப்போது யாரடி கூடை கட்டுகிறார்கள்? எல்லாம் நைலோன் பை. என் அம்மா கட்டிய பழைய பிரம்புக் கூடைதான் இருக்கிறது, அதிலும் வெங்காயம் போட்டு வைத்திருந்தேன். கொட்டிவிட்டுக் கொடுத்தேன். தலைத்துண்டும் கேட்டாள், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கும் கேட்டாள். எதற்கம்மா என்றேன். "ப்ரீ ஷூட் ஆன்ட்டி" என்றாள். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையும் பொண்ணும் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்வதற்கு அப்படிப் பெயர்.

கொழும்பிலிருந்து இரண்டு வேன் வந்திருந்தது. நம் லயத்துக்கு மேலே, நீயும் நானும் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த அதே மலையில், அந்தப் பிள்ளை என் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவில் நின்றாள். மாப்பிள்ளை பின்னாலிருந்து அணைத்துக்கொண்டான். அப்புறம் கன்னத்தில் ஒரு முத்தம். படம் எடுக்கிறவன் "இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா" என்றான். லயத்துச் சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. வெயில் முகத்தில் சரியாக விழவேண்டுமாம், அதற்கு ஒரு வெள்ளித் தட்டி. அதைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? கோயில் கமிட்டித் தலைவர். ஆமாடி, அவனேதான். அன்றைக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் உன்னைப் பார்த்து விசிலடித்தானே, அவன்தான். இப்போது நெற்றி நிறையத் திருநீறும் கையில் வெள்ளித் தட்டியுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

நான் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள், போகும்போது கூடையைத் துடைத்துக் கொடுத்தார்கள், சாக்லேட்டும் தந்தார்கள். என் பேத்தியும்தான் போனை நிறுத்தி வைத்து இடுப்பை ஆட்டி ஆடி ஊருக்கெல்லாம் அனுப்புகிறாள். வாய் வலிக்கத் திட்டுவேன், அப்புறம் அவள் தூங்கிய பிறகு நானே எடுத்துப் பார்ப்பேன். நல்லாத்தான் ஆடுகிறாள், சனியன். காலம் மாறினால் மாறட்டும். ஆனால் நம் உடுப்பை அவர்கள் போட்டால் அது கலை, அவர்கள் உடுப்பை நீ போட்டபோது அது மானக்கேடு. இது எந்த ஊர் நியாயம் என்று உன்னைத்தவிர வேறு யாரிடம் கேட்பேன்? நீ கண்ணை மூடி மூன்று மாசம் ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

உனக்கும் எனக்கும் ஒரே வயது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒரே லயம், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. நான் அப்போதுதான் கொழுந்தெடுப்பதை விட்டு, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தேன், நீ மலையில் கொழுந்து. சம்பளம் போட்ட சனிக்கிழமை பஸ் ஏறி பதுளைக்குப் போவோம். வடை தின்போம், வளையல் கடையில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவோம். அந்தச் சனிக்கிழமை நீ நேராக ஸ்டூடியோ வாசலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். "படம் எடுக்கப்போறேன், நீ வெளிய நிக்காத, உள்ள வா" என்றாய்.

உள்ளே ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் ஏரி, ஏரியில் அன்னம், பக்கத்தில் எங்கேயும் போகாத ஒரு மாடிப்படி. ஆணியில் கோட்டு, டை, பட்டுச்சேலை, கூலிங் கிளாஸ் எல்லாம் தொங்கின. வருகிறவர்கள் போட்டுக்கொண்டு எடுக்கலாம். நீ சேலையைத் தொடவில்லை. அடியில் அகலமாக விரிந்த ஆம்பிளை லோங்ஸ் கால்சட்டை ஒன்றையும் கட்டம் போட்ட சேர்ட்டையும் எடுத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாய். "அடியே, உங்கப்பா வெட்டிப் போட்டுருவாரு" என்றேன். "வெட்டுனா வெட்டட்டும், படம் எடுத்த பெறகு வெட்டட்டும்" என்றாய்.

ஸ்டூடியோக்காரர் பொறுமைசாலி. விளக்கைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். "நாடிய கொஞ்சம் தூக்குங்க தங்கச்சி" என்றார். கூலிங் கிளாஸை நீட்டினார், வேண்டாம் கண் தெரியணும் என்றாய். உன் காலுக்கு ஏற்ற செருப்பு அவரிடம் இல்லை. "முழங்காலோட நிறுத்திக்குவோமா? வெறுங்காலா இருக்கே" என்று கேட்டார். நீ முகத்தைச் சுளித்தாய். "காலும் வரணும் அண்ணே. அதுக்குத்தான் வந்தேன்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பித்தத்துக்கு மருந்தே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சம்பளத்துக்குப் படத்தை வாங்கப் போனோம். அதை அவர் பெரிதாக்கிக் கடை முகப்புக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். உன்னைக் கேட்காமலே. கல்யாண ஜோடிகளுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீ நின்றாய். நான் தலையில் கை வைத்தேன். நீயோ பார்த்துக்கொண்டே நின்றாய். "எடுக்கச் சொல்லுவோம், வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "இருக்கட்டும் புள்ள, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், பெறகு வாங்கிக்கலாம்" என்றாய். திரும்பி வரும் வழி முழுக்கப் பஸ்ஸில் நீயாகச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

கதை நமக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை பெரட்டில் ஒருவன் விசிலடித்தான். கங்காணி, "என்னம்மா, இன்னைக்கு லோங்ஸ் போட்டுக்கிட்டு மலைக்கு வரலையா?" என்று கேட்டார். நீ அசருகிற ஆளா? "லோங்ஸ் போட்டா அட்டை கடிக்காதுங்க. தொரைகிட்ட சொல்லி எல்லாருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றாய். பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றையிலிருந்து உன் பெயர் லோங்ஸ்காரி. இப்போது நம் மலையில் கொழுந்தெடுக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் பாவாடைக்குள் லோங்ஸ் போட்டுத்தான் போகிறார்கள். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால் உனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரமடி அது. கொஸ்லந்தப் பக்கத்து மாப்பிள்ளை, நல்ல இடம், உன் அப்பா நடையாய் நடந்து பிடித்த சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். பொண்ணு அந்தப் படத்தை மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் பார்க்கத் தன் கையால் கிழித்து, தப்புத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சொன்னால் கல்யாணம் நடக்கும். உன் அப்பா நம்மிருவரையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு வந்தார். ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைத் திறந்து படத்தை எடுத்துவிட்டு, கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ஐயா, கிழிக்கிறதுக்குன்னா குடுக்க மனசு வரல. நான் எடுத்ததுலயே நல்ல படம் இது. அதனாலதான் வச்சேன்" என்றார். உன் அப்பா கையை மட்டும் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயில் முற்றம் நிறைந்துபோயிருந்தது. படத்தை உன் கையில் கொடுத்தார்கள். நீ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் தலையை நிமிர்த்தி, "நான் என்ன தப்பு பண்ணேன்னு யாராச்சும் சொல்லுங்க. சொன்னா கிழிக்கிறேன்" என்றாய். மாப்பிள்ளையின் மாமா எழுந்து, "பொம்பளப் புள்ள லோங்ஸ் மாட்டிக்கிட்டு கடைத்தெருவுல நிக்கலாமா?" என்று கேட்டார். நீ சொன்னாய்: "நான் கடைத்தெருவுல நிக்கலங்க. கண்ணாடிக்குள்ள நிக்கிறேன். பாத்தவங்கதான் தெருவுல நின்னாங்க."

ஐயோ, அந்த வாய்! மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். உன் அப்பா உன் கையிலிருந்து படத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்து, அது போதாமல் இன்னும் கிழித்து, கோயிலடிச் சாக்கடைக் கானுக்குள் போட்டார். அப்புறம் அங்கேயே குந்திக்கொண்டு அழுதார். நீ அழவில்லை. அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, "வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போனாய். கல்யாணம் போனது அவருக்கு வலித்தது. உனக்குப் படம் போனதுதான் வலித்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

நெகட்டிவ் இருக்கிறது, இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாய். உன் அப்பா உன்னை டவுன் பக்கம் விடவே இல்லை. அப்புறம் கலவரம் வந்தது. கடைத்தெருவில் நம்மாட்களின் கடைகள் எரிந்தபோது ஸ்டூடியோவும் எரிந்தது. ஸ்டூடியோக்காரர் உயிர் தப்பி இந்தியாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தச் சேதியை உனக்குச் சொன்னவள் நான்தான். "அவருக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றுதான் முதலில் கேட்டாய்.

பல வருஷம் கழித்துத்தான் உன் கழுத்தில் தாலி ஏறியது. தாரமிழந்த மனுஷன், ஆனால் தங்கமான மனுஷன். மகன் பிறந்தான். ஒரு நாள் மத்தியானம் மலையடி மரத்து நிழலில் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். நான் கேட்டேன், "ஏன்டி, அன்னைக்கு ஏன் அப்படி ஒரு கூத்து பண்ணுன? யாருக்குக் காட்டணும்னு?" நீ ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாய்:

"யாருக்கும் காட்ட இல்ல புள்ள. நான் பாக்கத்தான். நம்ம காம்பராவுல இருந்தது உள்ளங்கை அளவு கண்ணாடி. அதுல கண்ணப் பாத்தா வாய் தெரியாது. தலையில இருந்து கால் வரைக்கும் நான் எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியாது. சேலை கட்டுனா சேலைதான் தெரியும். லோங்ஸ் போட்டாத்தான் கால் எங்க இருந்து எங்க வரைக்கும் இருக்குன்னு தெரியும். அதான்."

அவ்வளவு நாளும் எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் கேட்கத் தோன்றவில்லை. "பாத்தியே, எப்படி இருந்த?" என்றேன். "நல்லாத்தான்டி இருந்தேன்" என்றாய். சொல்லும்போது உன் முகம் சிவந்தது. பிள்ளை பெற்றவள், தலையில் நரை விழுந்தவள், கன்னிப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டாய்.

நீ போன அன்று உன் மகன் பண்டாரவளையில் சொல்லி பெரிய பெனர் அடித்துக்கொண்டு வந்தான். கண்ணீர் அஞ்சலி என்று மேலே எழுத்து, கீழே நீ. லயம் முடுக்கில் கட்டினார்கள். கிட்டப்போய்ப் பார்த்தேன். முகம் உன் அடையாள அட்டையில் இருந்த முகம்தான். கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. சிவத்தப் பட்டுச்சேலை, காசுமாலை, வெள்ளை வெளேரென்று கொழுகொழுத்த தோள். நீ எங்கேடி கொழுகொழுத்தாய்? அந்த உடம்பும் இடுப்போடு முடிந்துபோயிருந்தது.

"தம்பி, இது யாருடைய உடம்புடா?" என்றேன். அவன் அழுது வீங்கிய கண்ணோடு, "கம்ப்யூட்டர்ல போட்டது பெரியம்மா. அம்மாவோட நல்ல படம் ஒண்ணும் இல்லையே. எல்லாருக்கும் இந்தச் சேலதான் போடுவாங்க. அழகா இருக்குல்ல?" என்றான். தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் அதற்கு முந்தின மாசம் ஒரு அம்மா செத்தாள், அவளுக்கும் அதே சேலை, அதே தோள். பெற்ற தாய்க்கு ஆசையாய்ச் செய்திருக்கிறான், அவனைப்போய் நான் என்ன சொல்ல? "அழகா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். உன் அப்பா இல்லை. கோயில் முற்றத்தில் கூடியவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். விசிலடித்தவனிடம் கேட்டேன், லோங்ஸ் மட்டும்தான் ஞாபகமாம், உன் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லையாம். தலையிலிருந்து கால்வரை அந்தப் படத்தில் உன்னைப் பார்த்து மனசில் வைத்திருப்பது இனி நான் ஒருத்திதான். இந்த வயதில் எனக்குச் சாவைப் பற்றிப் பயமே இருந்ததில்லை. இப்போது பயமாக இருக்கிறதடி.