கீழே இன்னும் ஒரு கம்பி

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து ஜூட்சன் வீட்டில் எங்கள் பாட்டுக் குழுவின் பயிற்சி. நவம்பரில் கண்டியில் தைராய்டு ஆபரேஷன் முடிந்த பிறகு என் மனைவி பெற்றீசியா இன்றைக்குத்தான் முதல் தடவையாக மைக் பிடித்தாள். குரல் கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கொஞ்சம் இல்லை. பேசும்போது அவ்வளவாகத் தெரியாதது பாடும்போது தெரிந்துவிட்டது. நாங்கள் எப்போதும் வாசிக்கும் கல்யாணப் பாட்டில் மேலே ஏறும் இடத்தில் காற்று மட்டும் வந்தது. நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள். நாங்கள் எல்லோரும் அவரவர் வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

குழுவை நடத்துவது ஜூட்சன். கீபோர்ட் வாசிக்கிறான். கிழமை நாட்களில் தோட்டப் பாடசாலையில் மாஸ்டர். "ஒண்ணும் பிரச்சின இல்லக்கா, எறக்கிக்கலாம்" என்று ஒரு பொத்தானை நாலு தடவை அமுக்கினான். ஈ சுருதியில் இருந்த பாட்டு சி-க்கு வந்துவிட்டது. என் பேஸ் கிட்டாரில் பொத்தான் இல்லை. நாலு கம்பி. ஆகக் கீழே ஈ. அதற்குக் கீழே போக வழி கிடையாது. சி வேண்டுமென்றால் மேலே இருக்கிற சி-யைத்தான் வாசிக்க வேண்டும். வாசித்தேன். அத்திவாரம் போட வேண்டியவன் கூரையில் நின்று வேலை செய்த மாதிரி இருந்தது.

வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். எனக்கோ ஒரே யோசனை: கீழே இன்னும் ஒரு கம்பி இருந்தால்?

பெப்ரவரி 12, புதன். போயா, பௌர்ணமி விடுமுறை

ஈ கம்பியைத் தளர்த்தி சி வரைக்கும் இறக்கிப் பார்த்தேன். ஃபெக்டரியில் பெல்ட் தளர்ந்த ரோலர் மாதிரி, நெக்கில் பதித்த பிரெட் தகடுகளில் எல்லாம் பட்டுக் கடகடத்தது. தடித்த கம்பி போடலாமென்று ஹட்டனில் ஒன்று வாங்கி வந்தேன். நெக்கின் தலையில் கம்பி உட்காரும் பள்ளத்துக்குள் அது இறங்கவில்லை. அரம் எடுத்தேன். வைத்துவிட்டேன். பதினாறு வருஷம் சோறு போட்ட கிட்டார்.

ஈ கம்பி வினாடிக்கு நாற்பத்தொரு தடவை அதிர்கிறதாம். ஐந்து கம்பி பேஸில் இருக்கும் பி முப்பத்தொன்று. பத்து தடவை வித்தியாசம். அந்தப் பத்துக்காக மனுஷன் புதுக் கிட்டாரே செய்திருக்கிறான்.

பெப்ரவரி 15, சனி

ஐந்து கம்பி இருக்கிறது. ஆறு இருக்கிறது. ஏழும் இருக்கிறதாம். ஏழா?

பெப்ரவரி 22, சனி

கண்டியில் ஒரு கடையில் ஐந்து கம்பி பேஸ். புதுசு, கறுப்பு, பார்க்க நல்ல லட்சணம். முதல் நாலு கம்பியும் சுத்தமாகப் பேசின. ஐந்தாவதைத் தட்டினேன். சத்தம் வந்தது, சுருதி வரவில்லை. எந்த நோட் என்று கேட்டால் கம்பிக்கே தெரியாது போல.

கையோடு கொண்டுபோன டேப்பை எடுத்துக் கம்பி அதிரும் நீளத்தை அளந்தேன். முப்பத்து நாலு அங்குலம். கடைக்காரப் பையன் சிரித்துவிட்டு, "தச்சு வேலையா?" என்று சிங்களத்தில் கேட்டான். தேயிலை ஃபெக்டரியில் மெசின் வேலை என்றேன். ஒரு அங்குலம் கூட இருந்தால் அதே கம்பியை இன்னும் இறுக்கலாம், அப்போது அதற்குச் சுருதி வரும் என்று படித்திருக்கிறேன். ஒரே ஒரு அங்குலம். உண்மையாகவா? கையால் தொட்டுப் பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது.

வாங்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

உடப்புசல்லாவைக்குப் போய் வந்தேன். பேஸ்புக்கில் விளம்பரம்: ஏழு கம்பி பேஸ், அவசர விற்பனை. ஆளின் பெயர் ஜெயகாந்தன், கட்டாரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஹோலில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். இறக்கி மடியில் வைத்தபோது கிட்டாரைப் பிடித்த மாதிரி இல்லை, கதவைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. என் பெருவிரல் நெக்கைச் சுற்றி மறுபக்கம் வரவே இல்லை.

"ஏன் ஏழு கம்பி வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"எங்க ரூம்ல ஒருத்தன் ஆறு கம்பி வச்சிருந்தான்" என்றார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. விற்கவும் மனமில்லை, அவசரமெல்லாம் அவர் சம்சாரத்துக்குத்தான். நெக்கின் ஓரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த பலகை போல வளைந்திருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "அப்ப யாரும் வாங்க மாட்டாங்கல்ல?"

நுவரெலியாவில் பஸ் மாறும்போது நல்ல மழை. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. ஏழு கம்பி எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும்.

மார்ச் 6, வியாழன்

பெற்றீசியா பிள்ளைக்காம்பராவில் கைப்பிள்ளைகளைப் பார்க்கும் வேலை முடிந்து வந்து கொழுந்துக்காரர்களின் பிள்ளைகள் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனில் ஆறு கம்பிக்காரன் ஒருத்தனின் வீடியோ பார்த்துக்கொண்டே, இனி நீ எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் பாடலாம், உனக்காகத்தான் இவ்வளவு அலைகிறேன் என்றேன்.

அவள் சட்டியை இறக்கி வைத்தாள்.

"ஏங்க, ஒரு மாசமா கம்பியப் பத்தியே பேசுறீங்க. நீளம், தடிப்பு, அங்குலம். என்கிட்ட ஒரு நாளாச்சும் கேட்டீங்களா, ஒனக்குப் பாட ஆச இருக்கான்னு?"

போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒங்களுக்கு வேணும்னா வாங்கிக்குங்க. எனக்காகன்னு சொல்லாதீங்க."

அவள் சொன்னது சரி. ரோலரில் சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் மூடியைத் திறந்து என்ன, எங்கே என்று தேடுகிறவன் நான். மூன்று மாதமாக வீட்டில் ஒரு குரல் வித்தியாசமாக இருக்கிறது. அதைக் கேட்காமல் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். மனுஷனா நான்?

மார்ச் 7, வெள்ளி

கேட்டேன். "தெரியல" என்றாள். பிறகு அரிசியைக் களைந்துகொண்டே, "பயமா இருக்கு" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து ஜூட்சன் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டான். "அண்ணே, பங்குனி முழுக்கத் திருவிழா இருக்கு. அட்வான்ஸ் வாங்கியாச்சு. சுதர்ஷினின்னு ஒரு தங்கச்சி பாடுது, பழைய சுருதியிலயே போகுது. அக்காவுக்குக் கொரல் சரியாகுற மட்டும்னு வச்சுக்குவோம். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

அவன் மேல் கோபப்பட முடியவில்லை. கண் கலங்கித்தான் கேட்டான். ஆனால் சரியாகாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெற்றீசியாவிடம் சொன்னேன். "நீங்க விட்றாதீங்க, போய் வாசிங்க" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன். போயா

பொல்பிட்டியவில் ஆறு கம்பி பேஸ் ஒன்று விற்க இருக்கிறது என்று தெரிந்து போனேன். "சும்மா வாயேன்" என்று கூப்பிட்டதற்குப் பெற்றீசியாவும் வந்தாள். கினிகத்தேனையில் பஸ் மாறிக் கீழே இறங்க இறங்க வெக்கை. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

விற்கிறவர் பெயர் ருவன், மின்நிலையத்தில் வேலை. இத்தாலிக்குப் போகப் போகிறார். நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில். டேப்பை எடுத்தேன். முப்பத்தைந்து அங்குலம். அவர் சிரிக்கவில்லை. தானும் அளந்துதான் வாங்கினேன் என்றார்.

பி கம்பியைத் தட்டினேன்.

என்ன எழுதுவது? கண்டியில் கேட்டதும் பி-தான், இதுவும் பி-தான். அது மூட்டையை இறக்கி வைத்த சத்தம். இது ஒரு ஆள் வாயைத் திறந்து சொன்ன சொல். ஒரு அங்குலம் மட்டுமா, மரமா, கம்பியா? தெரியவில்லை. ஆனால் சுருதி இருந்தது.

ருவன் ஜி-யை வாசித்துக் காட்டி, டிரான்ஸ்போமர் உறுமுவது கிட்டத்தட்ட இந்த நோட்தான், வேலைக்கு வந்த புதிதில் அதோடு சேர்ந்து வாசித்துப் பழகினேன் என்றார். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியின் காற்றாடி என்ன நோட் என்று நான் இதுவரை பார்த்ததே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"நீங்கள் பாடுகிறவரா?" என்று பெற்றீசியாவிடம் கேட்டார்.

"பாடிக்கொண்டிருந்தேன்" என்றாள்.

அவர் கிட்டாரின் உடம்பில் கை வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, பி-யை மெதுவாகத் தட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இது தொண்டையில கேக்குதுங்க" என்றாள்.

பிறகு விலை பேசினது அவள்தான். நான் பேசியிருந்தால் கேட்டதைக் கொடுத்திருப்பேன். சீட்டு எடுத்த காசு சரியாகப் போயிற்று.

மார்ச் 14, வெள்ளி

வாட்டு மாடிக் காற்றாடி: பி-யும் இல்லை, சி-யும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, கழுதை.

ஏப்ரல் 5, சனி

திருவிழாவில் வாசித்தேன். சுதர்ஷினி நன்றாகப் பாடுகிறது. எல்லாம் பழைய சுருதி. முடிந்து கிட்டாரைத் துடைக்கும்போது பார்த்தால், நடுவில் இருக்கும் நாலு கம்பியில் மட்டும் விரல் பட்ட அழுக்கு. கீழ்க் கம்பியும் மேல் கம்பியும் பளபளவென்று அப்படியே இருந்தன. ஆறு கம்பி எதற்கு வாங்கினேன்?

பெற்றீசியா வரவில்லை. கூட்டம் எப்படி என்று கேட்டாள். நல்ல கூட்டம் என்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள், வீட்டில்தான். மேலே இருக்கும் மெல்லிய கம்பிகள் எதற்கென்று நோண்டிக்கொண்டிருந்தேன். பேஸில் ஒரு நேரத்தில் ஒரு நோட் என்றுதான் இத்தனை வருஷம் வாசித்தவன். இதில் கீழே ஒன்றைத் தட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மேலே இரண்டைச் சேர்த்துத் தொட்டால் மூன்று நோட் சேர்ந்த ஒரு முழுக் கோர்ட் கிடைக்கிறது. கீபோர்டே வேண்டாம் போல. அந்தக் கல்யாணப் பாட்டை மெதுவாக சி-யில் எடுத்தேன்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள், "அது இல்ல" என்றாள்.

"எது?"

"சுருதி. அது எனக்கு ஒத்து வராது. இன்னும் கீழ."

"நாலு எறக்கினா சரின்னு ஜூட்சன்..."

"அவன் பொத்தான அமுக்கினான். என்னையக் கேட்டா அமுக்கினான்?"

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசைக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அளந்தோம். டேப் இல்லாமல்.

நான் ஒரு நோட் கொடுப்பேன், அவள் அதை இழுத்துப் பார்ப்பாள். வந்ததா, கஷ்டமா, காற்றா என்று நான் கொப்பியில் எழுதுவேன். பழைய இடங்களில் அநேகமாகக் காற்று. இரண்டு தடவை எழுந்து போய்விட்டாள். இரண்டாவது தடவை அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன், முகம் கழுவிவிட்டு வந்தாள். "ம், அடுத்தது" என்றாள்.

கீழே போகப் போக நிலைமை மாறியது. முன்பு அவளுக்கு முனகல் போல மட்டும் வந்த நோட்டுகள் இப்போது தடித்து, முழுசாக வருகின்றன. அவளே ஆச்சரியப்பட்டு ஒன்றை மூன்று தடவை பாடினாள். "இது எங்க இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

கல்யாணப் பாட்டுக்கு அவளுடைய சுருதி சி இல்லை. அதற்கும் ஒன்று கீழே. பி.

ஆகக் கீழே இருக்கும் பி கம்பியை எங்கேயும் அழுத்தாமல் வெறுமனே தட்டினேன். அவள் முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். பழைய பாட்டு மாதிரி இல்லை. வேறு யாரோ, நிறையப் பார்த்த ஒருத்தி, கல்யாணப் பெண்ணுக்குப் புத்தி சொல்கிற மாதிரி இருந்தது.

மே 4, ஞாயிறு

ஜூட்சனிடம் சொல்லிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் தனியாக வாசித்துப் பார்க்கப் போகிறோம், ஒரு குரல், ஒரு பேஸ். "அண்ணே, பேஸ வச்சு மட்டும் எப்புடிண்ணே?" என்றான். எனக்கும் முழுசாகத் தெரியாது, பார்ப்போம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கி வேண்டுமென்றால் தயங்காமல் கேட்கச் சொன்னான்.

என் இடத்துக்குச் சுமன் என்று ஒருவர் வருகிறார், டிக்கோயாவில் மின்சார வேலை செய்கிறவர். அவரிடம் சொந்தக் கிட்டார் இல்லை. பழைய நாலு கம்பியை அவருக்கே கொடுத்துவிட்டேன். பேரம் பேசவில்லை. பையில் வைத்துக் கொடுக்கும்போது, மூன்றாவது பிரெட்டில் லேசாக அடிக்கும், கொஞ்சம் தள்ளி அழுத்துங்கள் என்று சொன்னேன். "சரிங்கண்ணே." அவர் பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனதைப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய். போயா

முதல் நிகழ்ச்சி: ஞானஸ்நான விருந்து, முப்பது பேர். கீழ்க் கம்பி எங்கள் சின்ன ஆம்ப் பெட்டியில் சரியாகக் கேட்கவில்லை, மேசையில் இருந்த கிளாஸ் மட்டும் நடுங்கியது. பெற்றீசியா ஒரு இடத்தில் வரியை மறந்தாள். சாப்பாடு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கொட்டகலைப் பக்கம் ஆவணிக் கல்யாணம். இந்த மாதம் மூன்றாவது. ஜூட்சன் கொடுத்த பெரிய ஒலிபெருக்கியில் பி இப்போது மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போகிறது. கல்யாணப் பாட்டுக்கு யாரும் கை தட்டவில்லை. முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தட்டினார்கள்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பெண்ணின் பெரியம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தார். பெயர் வேலாயி, முப்பது வருஷம் கொழுந்து பறித்தவராம். பெற்றீசியா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்:

"இதே பாட்ட முந்தி ஜூட்சன் மாஸ்டர் குரூப்புல ஒரு பொம்பள பாடுவாங்கம்மா. நல்லா மேல புடிச்சுப் பாடுவாங்க. அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

நான் வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன்.

"அதும் நாந்தாங்க" என்றாள் பெற்றீசியா.

வேலாயி அவளை நன்றாகப் பார்த்தார். கழுத்துத் தழும்பையும் பார்த்தார். "அப்புடியா? நான் வேற வேற ஆளுன்னுல்ல நெனச்சேன்." வெற்றிலையை மடித்து அவள் கையில் வைத்தார். "அப்ப நீங்க பாடுனா எந்திரிச்சு ஆடணும் போல இருக்கும். இப்ப ஒக்கார வச்சுட்டீங்க."

பெற்றீசியா சிரித்தாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு நான் வேலாயி சொன்னதைப் பற்றி ஏதாவது பேசுவாள் என்று காத்திருந்தேன். ஹட்டன் வரும் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கப் போகும் நேரத்தில் திரும்பி, "ரெண்டாவது சரணத்துல நீங்க அவசரப்பட்டீங்க" என்றாள்.

ஆமாம், அவசரப்பட்டேன்.